கொடியில் சின்ன உடுப்புகள்

நகத்தளவு வெள்ளை, பக்கத்தில் நகத்தளவு மஞ்சள், அதற்குப் பக்கத்தில் பச்சையோ நீலமோ, காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு துள்ளுத் துள்ளும், தவமணி குன்றின் உச்சியில் கம்பி வேலியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி கீழே பார்க்கிறாள், அடிவாரத்தில் சிவப்புக் கூரை வீடு, பின்வளவில் உடுப்புக் கொடி, அவளுடைய மகள் நிரோஜாவின் வீடு, அந்த வாசலை அவள் இதுவரை மிதித்ததில்லை. ஆக்லாந்து நகரத்தின் நடுவில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையில் இப்படி ஒரு குன்று, ஒருகாலத்தில் எரிமலையாம், உச்சியில் பெரிய பள்ளக் கிடங்காக அதன் வாய், இப்போது புல் மூடிக் கிடக்கிறது, அது அடங்கி எத்தனையோ ஆயிரம் வருஷம், அவள் புருஷன் கனகலிங்கத்தின் கோபந்தான் இன்னும் அடங்கவில்லை, என்ன மனுஷனப்பா. பிரதீபனைக் கட்டப்போகிறேன் என்று மகள் சொன்ன அன்று அவர் கேட்டது பெடியன் என்ன படித்தவன் என்றல்ல, ஊரில் எந்தக் கோயிலடி, ஆரின்ரை பிள்ளை என்றுதான், பதில் வந்ததும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார், கடல் கடந்து வந்த மனுஷன் சாதியையும் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார், அவளின்ரை படி மிதிச்சீரெண்டால் பிறகு இஞ்ச வரவேண்டாம், என்று தவமணிக்கும் சொல்லிவிட்டார்.

சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னவர் என்று அவரிடம் ஒரு பொய், பின்னேரங்களில் ஏறத் தொடங்கினாள், யாழ்ப்பாணத்துத் தட்டைத் தரையில் நடந்த கால்கள் பாதி வழியிலேயே கெஞ்சின, ஆனாலும் ஏறினாள், கொடியைப் பார்த்தே மகளின் சீவியத்தை அறிந்தாள், நீலச் சேட்டு, போர்வை, பிறகு ஒருநாள் இந்தச் சின்ன உடுப்புகள். பிள்ளை பிறந்திருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை, அன்று அங்கேயே நின்று அழுதாள், சிரித்தாள், வீட்டுக்குப் போய் மல்லியும் மிளகும் வறுத்துச் சரக்குத்தூள் இடித்தாள், பிள்ளை பெற்றவளுக்குத் தாய்தானே சரக்குக்கறி வைக்கவேண்டும், தூள் கைப்பையிலேயே கிடக்கிறது. பொழுதுபடுமுன் நிரோஜா வந்து உடுப்புகளை எடுத்துவிடுவாள், புள்ளியாகத்தான் தெரிவாள், ஆனால் தவறமாட்டாள், கைப்பிள்ளையின் உடுப்பை இருட்டில் வெளியே விடக்கூடாது, அது வீட்டுப் பழக்கம், இந்த ஊருக்கு வந்த முதல் குளிரில், வாடகை வீட்டுக் கொடியில் கைப்பிள்ளை நிரோஜாவின் சட்டைகள் ஆடுகின்றன, இஞ்சேரும், பிள்ளையின்ரை உடுப்பை உள்ளுக்கை எடும், பொழுதுபடுது, என்று கத்துகிறவர் இதே கனகலிங்கந்தான், பிள்ளை அவர் தோளில், அந்த மஞ்சள்தானா இந்த மஞ்சள், எந்தப் பிள்ளையின் சட்டை இது.

ஆனால் நேற்று எடுக்கவில்லை, முந்தாநாளும் எடுக்கவில்லை, இரவு முழுக்க மழை கொட்டியது, இன்றும் அதே வெள்ளை, அதே மஞ்சள், வெயில் போகப்போகிறது, ஒருவரும் வெளியே வரவில்லை. ஏன் எடுக்கேல்லை, என்ரை பிள்ளைக்கு என்ன, வந்த பாதையில் இறங்கினால் கனகலிங்கம், மற்றப் பாதையில் இறங்கினால் திரும்பிப் போக வீடில்லை, இதை அவள் யோசித்தபோது பாதி தூரம் இறங்கியாகிவிட்டது, மற்றப் பாதையில், புல்லில் வழுக்கி, எழும்பி, முருகா, முருகா என்று.

பக்கக் கேற்று திறந்து கிடந்தது. கொடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள், பின்கதவில் பிரதீபன், சவரம் செய்யாத முகம், தோளில் பிள்ளை, பிள்ளைக்கு மாற்றுடுப்பு எடுக்க இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தானாம், நிரோஜாவுக்குக் காய்ச்சல் விடவில்லையாம், அங்கேயே வாட்டில் மறித்து வைத்திருக்கிறார்களாம், மாமி, அவ உங்களைத்தான் கூப்பிட்டபடி கிடக்கிறா, எனக்குப் போன் எடுக்கப் பயமாய் இருந்தது. தவமணி பிள்ளையின் காலைத் தொட்டாள், சூடில்லை, சாமி. நடவும் தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போவம், என்றாள். அவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான், மாமா உங்களைத் தேடுவாரே.

தேடட்டும், அந்த மலையிலை ஏறிப் பாக்கட்டும், அங்கயிருந்து இந்தக் கொடி வடிவாத் தெரியும். சொல்லிவிட்டுக் கடைசி மஞ்சள் சட்டையையும் கழற்றி நெஞ்சோடு அணைத்தாள், மேலே நின்று பார்த்தபோது நகத்தளவு தெரிந்தது, கைக்குள் வந்தபோதும் அது அவ்வளவு பெரிதாக இல்லை, மழைத் தண்ணீர் அவள் சேலையில் இறங்கியது.