முப்பதில் ஒருத்தி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் முதல் வரி நான் எழுதியதல்ல. பாபநாசம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் போனில் பேசியது: "எகனாமிக்ஸ் பிஎச்டிக்கு அறுநூறு பேர் அப்ளிகேஷன் போடுறாங்கம்மா. பப்ளிக் பாலிசிக்கு நூத்தியிருவதுதான்." ரயில் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். அந்தக் குரல் மட்டும் ஒரு வாரமாக என் தூக்கத்துக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. அதற்குச் செம்மொழி என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கம்: "வயல் தண்ணீரில் வானம் கிடந்தது. செம்மொழி அதன் ஓரமாக நடந்து"

(வேண்டாம். இது டிசம்பர். சம்பா உயர்ந்து தண்ணீரை மூடியிருக்கும்.)

இன்னொன்று: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒருவர் ஒரு துறைக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. (அங்கே ஐந்து என்றால் இங்கே விடியற்காலை. தூக்கம் கெடுமே என்று நம் ஊர் ஐந்தாக மாற்றிக்கொண்டேன்.) செம்மொழிக்கு இது மூன்றாவது முயற்சி. இதுவும் தவறினால் படிப்பை மறந்துவிட்டு வங்கி வேலைக்குப் போவதாக அம்மா அம்சத்திடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கூட்டம் குறைந்த பாலிசிக்கே அனுப்பிவிடத் துடித்தேன்.*

* எகனாமிக்ஸில் இருபது இடம், பாலிசியில் நான்கு. வகுத்தால் இரண்டிலும் முப்பதில் ஒருவர். இடங்களின் எண்ணிக்கையை இட்டவனே நான்தான். நானே ஏமாந்தேன்.

3

அம்சம் இருபது வருடம் நடவுக்குப் போனவள். முப்பதில் ஒருவர் என்றதும் சிரித்தாள்.

"மித்த இருவத்தொம்பது பேரு யாருடி? கைவேகக்காரிங்க நடுவுல நின்னா, ரெண்டு பக்கமும் நட்டுட்டுப் போயிடுவாளுவ. நீ நடுச்சேத்துல மாட்டிக்குவ."

"எகனாமிக்ஸுக்கு வர்றவங்க எல்லாம் கணக்குல புலிம்மா. பாலிசிக்கு வர்றவங்க பத்து வருசம் ஆபீஸ்ல இருந்தவங்க."

"அப்ப ரெண்டும் சேறுதான்" என்றாள் அம்சம்.

4

முடிவு அ: எகனாமிக்ஸ். மார்ச் மாதம் ஒரு மின்னஞ்சல் வருகிறது, "வருந்துகிறோம்" என்று தொடங்கி

முடிவு ஆ: பாலிசி. இடம் கிடைக்கிறது. விமானத்தின் ஜன்னலுக்குக் கீழே காவிரி ஒரு நூலாக

(அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

"சார்" என்றாள் செம்மொழி. கதைக்குள்ளிருந்து என்னைத்தான் கூப்பிட்டாள். "எந்த வாசல்ல போட்டி கம்மின்னு அம்மாவும் பாக்குது, நீங்களும் பாக்குறீங்க. உள்ள போயி நான் என்ன பண்ணப்போறேன்னு யாருமே கேக்கலையே?"

வெட்கமாகப் போய்விட்டது. கேட்டேன்.

"மெஷின் நடவு வந்தப்ப எங்க தெருவுல பதினாலு பொம்பளைங்களுக்கு வேல போச்சு. இடுப்பு வலி விட்டுச்சுன்னு அம்மாவுக்குச் சந்தோசம். மித்த பதிமூணு பேரு எங்க போனாங்க, என்ன ஆனாங்கன்னு ஒருத்தரும் எழுதி வைக்கல. நான் தேடிப்போயி எழுதணும்."

"அது எகனாமிக்ஸா, பாலிசியா?"

"அதான் சார் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. மணி நாலு ஐம்பது. திரையில் துறையின் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், வாசகரே, நீங்கள் உட்காருங்கள். எதை வேண்டுமானாலும் நிரப்புங்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பதிமூன்று பேரின் பெயர்களை அவளிடம் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு பெயர்கூட விடாமல் சொல்வாள்.