விரிப்பின் பின்பக்கம்

சவப்பெட்டியின் மேல் மேசைவிரிப்பைப் போர்த்திய நோலீன், ஒரு மூலையை மட்டும் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்கவிட்டாள். அம்மா சொல்லிவிட்டுப் போன மூலை.

மெரிந்தா ஊர்க் கண்காட்சியின் பூத்தையல் போட்டிக்குப் பத்தொன்பது வருடம் துணி அனுப்பியவள் அம்மா மெர்ல். முதல் பரிசான நீல ரிப்பன் ஒருமுறைகூட அவள் பெயருக்கு வரவில்லை. நடுவர் எப்போதும் மிசஸ் ஆல்டஸ்தான்; முடிச்சு தெரிகிறதா என்று ஒவ்வொரு துணியையும் திருப்பிப் பார்ப்பவர். துணியில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஆனால் எது யார் துணி என்பது கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

பொறுத்துப் பார்த்த மெர்ல் கடைசியில் இதே விரிப்பை மூன்று வருடம் அனுப்பினாள். முதல் வருடம், ‘தையல் இறுக்கம்’ என்று நடுவரின் குறிப்பு அட்டை வந்தது. அடுத்த வருடம், ‘தையல் தளர்வு.’ மூன்றாம் வருடம், ஆல்டஸோடு தேவாலயத்தில் சேர்ந்து பாடும் கோரல் என்பவள் மெர்லுக்காக அதைத் தன் பெயரில் கொடுத்தாள். நீல ரிப்பன் வந்தது. ‘ஒரு தையலிலும் குறையில்லை.’

வெளியே சொல்லத்தான் வழியில்லை. ஒருமுறை வைத்ததை மறுபடி வைத்தால் ஆயுளுக்கும் போட்டியில் இடமில்லை என்பது விதி.

மூன்று நாள் முன்பு, மூச்சு வாங்கிக்கொண்டே, அட்டைகளையும் ரிப்பனையும் விரிப்பின் பின்பக்கம் தைக்கச் சொன்னாள் மெர்ல்.

“செத்தவள எந்தப் போட்டியிலருந்துடி நீக்குவாங்க? அந்த ஆல்டஸ் கண்டிப்பா திருப்பிப் பார்ப்பா. பின்பக்கம் பார்க்காம அவளால இருக்க முடியாது.”

நோலீன் போட்ட முடிச்சைப் பார்த்து, அவிழ்த்துத் திரும்பத் தைக்கச் சொன்னாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

நோலீனுக்கு அழுகை வரவில்லை. அஞ்சலி வரிசையையே வெறித்துக்கொண்டிருந்தாள். மிசஸ் ஆல்டஸ் திருப்பாமல் போய்விட்டால், மெர்ல் இருபதாவது முறையும் தோற்றுத்தான் மண்ணுக்குள் போவாள்.

மிசஸ் ஆல்டஸ் வந்தார். கண்ணை மூடி ஜெபித்தார். நகர்ந்தார். இரண்டடி போனவர் நின்றார். அவருடைய இரண்டு விரல்கள் தாமாகவே விரிப்பின் ஓரத்துக்கு வந்தன.

மூலையைத் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்று அட்டையிலும் அவருடைய கையெழுத்து.

“பின்பக்கம் சுத்தமா இருக்கா, மிசஸ் ஆல்டஸ்?” என்று நோலீன் கேட்டாள்.

அவர் மூலையைக் கீழே விட்டு, இரண்டு முறை நீவிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

அடுத்து நின்ற இறைச்சிக்கடைக்காரர் மனைவி குனிந்து அதே மூலையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் கைப்பையைத் திறந்து கண்ணாடியைத் தேட ஆரம்பித்தாள்.