வாலோடு நின்ற டிராகன்

கோளரங்கத்து நாற்காலியைச் செய்தவன் ராத்திரி ஷிப்ட் வேலைக்காரனை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். உட்கார்ந்த உடனே முதுகு தானாகப் பின்னால் போகிறது. தலை வைக்க ஒரு பள்ளம். சுற்றிலும் கதகதப்பு, இருட்டு, எங்கிருந்தோ மெதுவாக ஒரு இசை. இத்தனையையும் கொடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து மேலே பார் என்கிறார்கள்.

நான் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறேன். பெல்ட்டில் பெட்டி வரும், எடுத்து லாரியில் அடுக்க வேண்டும். டிசம்பரில் ஊரே யாருக்காவது எதையாவது அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த மாதம் நான் வீட்டில் நடமாடுவதே பாதித் தூக்கத்தில்தான். என் மகள் டெஸ்ஸாவுக்கு வாய்ப்புக் கிடைத்ததும் அதே டிசம்பரில்தான்.

கோளரங்கத்தில் குடும்பச் சனிக்கிழமை என்று ஒன்று நடத்துவார்கள். முதல் பாதி நட்சத்திரக் காட்சி, இரண்டாம் பாதி லேசர் கச்சேரி. நட்சத்திரக் காட்சியின் நடுவில், அங்கே நடக்கும் பிள்ளைகள் சங்கத்திலிருந்து ஒரு பிள்ளை மைக் பிடித்து மூன்று நிமிடம் அன்றைய வானத்தைப் பற்றிப் பேசும். இந்த முறை டெஸ்ஸா. அவளுக்குப் பதினோரு வயது. டிராகன் என்ற நட்சத்திரக் கூட்டத்தை எடுத்திருந்தாள். கரடியையும் வேட்டைக்காரனையும் எல்லோருக்கும் தெரியும், வடக்கே வளைந்து வளைந்து கிடக்கும் டிராகனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவளுக்குக் குறை.

சாப்பாட்டு மேசையில் கேட்டாள். "சனிக்கிழமை வர்றியாப்பா?"

"வராம?"

"வந்தா தூங்கக் கூடாது."

"தூங்க மாட்டேன்."

"ஸ்கூல் கச்சேரிக்கும் இதையேதான் சொன்னே."

"அது வயலின், டெஸ்ஸா. வயலின் வாசிச்சா யாருக்கும் கண்ணு சொக்கும்."

"நான்தான் வாசிச்சேன்."

என் மனைவி கொலீன் மக்ரோனித் தட்டை விட்டு முகத்தைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, அதுல ஒரு துண்டு இப்ப சொல்லிக் காட்டு," என்றேன்.

"மாட்டேன். அங்க வந்து கேளு." கொஞ்ச நேரம் முள்கரண்டியால் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். "நீ வரலேன்னா, வேலைன்னு நினைச்சுக்குவேன். வந்துட்டுத் தூங்கினா, நான் சொல்றது கேக்குற மாதிரி இல்லேன்னுதானே அர்த்தம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

சனிக்கிழமை மதியம் படுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளும் இயந்திரத்தைக் கடகடவென்று ஓட்டித் தன் வாசலை முடித்து, புண்ணியம் கட்டிக்கொள்ள எங்கள் வாசலுக்கும் வந்துவிட்டார். எழுந்து அவருக்கு நன்றி சொன்னேன்.

சாயங்காலம் கோளரங்கத்தின் வண்டி நிறுத்தத்தில் கொலீனின் அண்ணன் டக் தன் சின்ன மகள் பாப்பியோடு நின்றான். உள்ளே காபி கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் குனிந்து ஒரு கை பனியை அள்ளிச் சட்டைப் பையில் போட்டு, மேலே கோட்டை மூடினேன்.

"என்ன மாப்ளே, வீட்டுல ஃபிரிட்ஜ் ரிப்பேரா?" என்றான் டக்.

"தூக்கம் வராம இருக்க."

"இதுக்கு எதுக்குடா பனி. நான் பக்கத்துல உக்காந்து கிள்ளுறேன். உன்னைக் கிள்ளணும்னு கல்யாண நாள்லேர்ந்து ஆசை."

வாசலில் மிஸ் ப்ரூவர் நின்றார். காட்சியை நடத்துகிறவர் அவர்தான். கையில் ஒரு கூடை, கூடை நிறையக் கறுப்புக் காலுறைகள். குழந்தைகளின் ஷூ நடந்தால் மின்னும். இருட்டில் அப்படி ஒரு ஷூ மின்னினால் அத்தனை பேர் கண்ணும் மறுபடி பழக நேரமாகும். பாப்பியின் ஷூ நீலமும் சிவப்புமாக அடித்துக்கொண்டிருந்தது.

"கண்ணு, இந்த வெளிச்சத்துக்குப் போர்வை போத்திடலாமா?" என்று கேட்டு, ஷூவுக்கு மேலேயே காலுறையை இழுத்து மாட்டினார். பாப்பி கால்களைப் பார்த்து, "கரடி," என்றாள்.

நான் மிஸ் ப்ரூவரிடம் கேட்டேன். "நான் பின்னால சுவரோரமா நின்னுக்கிட்டே பாத்துக்கட்டுங்களா?"

"முடியாதுங்க. இருட்டானப்புறம் யாரும் நிக்கக் கூடாது. பின்னாடி லேசர் வேற தலைக்கு மேல போகும்."

"முட்டி போட்டுக்கிட்டு?"

"இது சர்ச் இல்லீங்க." என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நீங்க டெஸ்ஸாவோட அப்பாதானே? சொல்லியிருக்கா."

என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இடப்பக்கம் கொலீன், வலப்பக்கம் டக். முழங்கையால் இடிப்பது கொலீனின் பொறுப்பு, கிள்ளுவது டக்கின் பொறுப்பு. டெஸ்ஸா முன்வரிசையில் சங்கத்துப் பிள்ளைகளோடு இருந்தாள். ஒரு தடவை திரும்பி, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

மிஸ் ப்ரூவர் வட்டக் கூரையில் சூரியனை இறக்கினார். கூரையின் விளிம்பில் எங்கள் ஊர்தான் தெரிந்தது. ஏரி, தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு. வெளிச்சம் எப்போது குறைந்தது என்று சொல்ல முடியாதபடி குறைந்துகொண்டே போனது. பிள்ளைகள் சேர்ந்து சூரியனுக்கு "குட் நைட்" சொன்னார்கள். மிஸ் ப்ரூவரின் குரல் பஞ்சு மாதிரி. பனி சட்டைக்குள் உருகி வயிற்றில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்து, இதமாகிவிட்டது.

இருட்டைப் பார்த்துப் பாப்பி சிணுங்கினாள். கொலீன் எழாமலே எட்டி வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். என்னை இடிக்க வேண்டிய கை குழந்தைக்குத் தலையணையாகிவிட்டது. டக் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கிள்ளுகிற நினைப்பே அவனுக்கு இல்லை.

"இன்னிக்கு வானத்தை நமக்குக் காட்டப் போறது டெஸ்ஸா," என்றார் மிஸ் ப்ரூவர்.

மைக் கரகரத்தது. பச்சை நிற அம்புக்குறி ஒன்று வானத்தில் ஏறி, நடுங்கி, நின்றது. "வடக்குப் பக்கம் பாருங்க," என்றது என் மகளின் குரல். "இது டிராகனோட வால்."

நான் வாலைப் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன்.

கிடங்கில் பெல்ட் ஓடுகிறவரை அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்காது. நின்றால்தான் அது இல்லாதது உறைக்கும். நின்றால் ஏதோ தப்பு. பெட்டி சிக்கியிருக்கும், இல்லை யாராவது கையை உள்ளே விட்டிருப்பான். எத்தனை அசதியிலும் அந்த நிசப்தம் என்னைத் தூக்கி நிறுத்தும்.

நிசப்தம் வந்தது. எழுந்தேன். சுற்றிலும் இருட்டு, பெட்டி இல்லை, யாரும் நகரவில்லை.

"யாருடா பெல்ட்டை நிறுத்தினது?" என்றேன். கிடங்கில் பேசுகிற குரலில்.

யாரோ களுக்கென்றார்கள். அது வரிசை வரிசையாகப் பரவி, கூரை முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. அந்த வட்டக் கூரை சத்தத்தை வெளியே விடாது, எல்லாவற்றையும் நம் தலையிலேயே திருப்பிக் கொட்டும். கொலீன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் மேலே நட்சத்திரங்களும், நடுவில் அசையாமல் நிற்கும் பச்சை அம்பும் தெரிந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. நான் தூங்கியிருந்தேன். அவள் அடுத்த வரி மறந்து நின்றிருந்தாள்.

மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

"அது எங்கப்பா," என்றாள் டெஸ்ஸா. "பார்சல் கிடங்குல நைட் ஷிப்ட்." மறுபடி சிரிப்பு. இந்த முறை கொஞ்சம் அன்பான சிரிப்பு. "பெல்ட் நிக்கலைப்பா. எனக்குத்தான் மறந்துபோச்சு."

அம்பு நகர்ந்தது. வாலுக்கே திரும்பிப் போனது. "இங்க மங்கலா ஒரு நட்சத்திரம் இருக்கு பாருங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி வடக்கைக் காட்டினது இதுதான். இப்ப அந்த வேலையை வேற நட்சத்திரம் பாக்குது." ஒரு நொடி நிறுத்தினாள். "ஷிப்ட் மாறிடுச்சு."

ஜனங்கள் கை தட்டினார்கள். டக் இப்போது நினைவு வந்து என்னைக் கிள்ளினான்.

அடுத்தது லேசர் கச்சேரி. புகை இயந்திரம் சீறியது. மேலே பச்சைக் கோடுகள், சிவப்புக் கோடுகள், கோட்டிலேயே ஒரு குதிரை எழுந்து ஓடியது. நாங்கள் வாலிபத்தில் கேட்ட கிடார் பாட்டுகளைத்தான் போட்டார்கள். டக் எல்லாவற்றையும் கூடவே பாடினான். சிறுசுகள் கையை நீட்டி வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தன. எனக்குக் கண் கல் மாதிரி திறந்திருந்தது. இமைக்கக்கூட இல்லை. வேண்டாத நேரத்தில் வந்த விழிப்பு. அந்தக் கோடுகளின் வெளிச்சத்தில் முன்வரிசையில் டெஸ்ஸாவின் பின்னந்தலை தெரிந்தது. பச்சையானது, சிவப்பானது. திரும்பவே இல்லை.

முடிந்து வெளிக்கூடத்துக்கு வந்தோம். யார் யாரோ டெஸ்ஸாவிடம் வந்து, "நல்லா சொன்னேம்மா," என்றார்கள். கூடவே என்னையும் பார்த்துச் சிரித்தார்கள்.

"அடுத்த தடவை போஸ்டர்ல உங்கப்பன் பேரையும் போடச் சொல்லு," என்றான் டக்.

டெஸ்ஸா கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நான் கொலீனைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்குறே," என்றாள். "நீயே போய்ப் பேசு."

வண்டி முழுக்கப் பனி மூடியிருந்தது. எஞ்சினைப் போட்டுவிட்டு, கொலீன் உள்ளே உட்கார்ந்தாள். நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தேன். டெஸ்ஸா வண்டியில் ஏறாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கேயிருந்து தூங்கினே?"

இல்லை, கண்ணை மட்டும் மூடியிருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "வாலைக் காட்டினே. அது வரைக்கும் பாத்தேன்."

"வால்தான் முதல் வரி."

"ஆமா."

"முதல் வரியிலயே போயிட்டியா?"

"போயிட்டேன்மா."

அவள் காலால் பனியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "எல்லாரும் சிரிச்சது எனக்கு நல்லதாத்தான் ஆச்சு. அதுவரைக்கும் வாயே வரலை. ஆனா அதுக்காக நீ தூங்கலைன்னு ஆயிடாது."

"ஆகாது."

"மிஸ் ப்ரூவர்கூட, உங்கப்பாதான் காப்பாத்தினார்ங்கிறாங்க. நீ ஒண்ணும் காப்பாத்தலை. தூங்கினே."

"ஆமா, தூங்கினேன்." சுரண்டியைக் கண்ணாடி மேல் வைத்தேன். "நான் கேக்காதது எவ்வளவு?"

"நடுவுல முழுசும். அது சின்னக் கரடியைச் சுத்திக்கிட்டுப் போறது." அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள். "தலையை நானே விட்டுட்டேன். பயத்துல நேரா கடைசி வரிக்குப் போயிட்டேன். யாருமே கவனிக்கலை."

"அப்ப அந்த டிராகனுக்குத் தலையே இல்லையா?"

"இருக்கு. நான் சொல்லலை."

"எனக்குச் சொல்லு."

"இப்பவா? மேல ஒண்ணுமே தெரியலையே."

தெரியவில்லைதான். ஏரிப் பக்கத்திலிருந்து மேகம் வந்து மூடி, மெல்லப் பனி விழுந்துகொண்டிருந்தது. வண்டி நிறுத்தத்து விளக்கின் ஆரஞ்சு வெளிச்சம்தான் வானம்.

"உள்ளேயும் அது பெயின்ட் அடிச்ச கூரைதானே," என்றேன். "நான் நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"குதிரைகூட நின்னுக்கிட்டே தூங்கும்."

"சட்டை ஈரம். இந்தக் குளிர்ல குதிரைகூடத் தூங்காது."

அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தினாள். மைக்குக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றாள்.

"வடக்குப் பக்கம் பாருங்க."

"வடக்கு எது?"

"அப்பா. மளிகைக் கடை போர்டு இருக்குல்ல, அதுக்கு மேல."

பார்த்தேன். அவள் கை மேகத்தில் ஒரு வாலை இழுத்தது, மெதுவாகச் சின்னக் கரடியைச் சுற்றி வளைந்தது. அது வளைய வளையக் கூடவே என் கழுத்தையும் திருப்பினேன். ஒரு இடத்தில் நின்றாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் பனி விழுந்தது. டக்கின் வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"இங்க அது பின்பக்கமா திரும்புது," என்றாள் கடைசியில். "அதைத்தான் மறந்தேன்."

கொலீன் கண்ணாடியை இறக்கினாள். "ரெண்டு பேரும் ஏறுங்க. உறைஞ்சு போயிடுவீங்க."

"இரும்மா," என்றாள் டெஸ்ஸா. கை இன்னும் மேலேதான் இருந்தது. "இன்னும் தலைக்கே வரலை."