இறுக்கிக் கட்டிய கேன்

ஒழுகுகிற எதைப் பார்த்தாலும் ராஜாங்கத்துக்குக் கை சும்மா இருக்காது. மோட்டார் பைப்பில் நீர் கசிந்தால், பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார். அதற்கப்புறம் ஒரு சொட்டு வெளியே வந்துவிடுமா என்ன? தொண்டூரில் பாதிக் கிணறுகளில் அவர் போட்ட கட்டுதான் இருக்கிறது. நல்ல கை. அந்த நல்ல கைதான் அன்றைக்கு அவர் மகள் வெண்மதியை ஆட்டோ பிடித்து ஓட வைத்தது.

வெண்மதி மல்லிகை மணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். மொட்டுக்குள் நொதி என்று ஒன்று இருக்கிறது, அதுதான் மணத்தைச் சமைக்கிறது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சமைக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. மொட்டு விரியப்போகிற சாயங்கால நேரத்தில் பறித்து, பறித்த கையோடு உறைய வைத்துவிட வேண்டும். கொஞ்சம் இளகினாலும் நொதி கெட்டுவிடும், அளவு பொய்யாகிவிடும். அதற்காகத்தான் அந்தக் கேன். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் பைக்கில் கட்டிக்கொண்டு போவார்களே, அதே கேன்தான். உள்ளே திரவ நைட்ரஜன், தொட்டால் தோல் வெந்துபோகிற குளிர். சின்னத் துணிப்பைகளில் மொட்டுகளைப் போட்டு அதற்குள் இறக்கியிருந்தாள். நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் மூடியைத் தளர்வாகத்தான் வைப்பார்கள்.

இதை அவள் நைனாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "கேனை வுட்டு ஒரு எட்டு கூட நகராத நைனா, ரெண்டு வருஷ ஒழப்பு அதுலதான் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேனில் ஊற்ற இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் ஏற்பாடு செய்ய முதல் பஸ்ஸில் செஞ்சிக்கு வந்துவிட்டாள். நைனா அடுத்த பஸ்ஸில் கேனோடு வருவார் என்று பேச்சு.

பஸ் ஸ்டாண்டில் டீயை வாயில் வைக்கும்போது போன் வந்தது.

"மதி, பஸ் ஏறிட்டேன். கேன்லேர்ந்து ஒரே பொகையா வந்துனு இருந்துது, நீ பாக்கலையா? நீ கெளம்புனதுமே கவரைப் போட்டு, மூடி மேல ட்யூப வச்சி இறுக்கிக் கட்டிட்டேன். இப்ப இம்மி கூட வரல."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். வெண்மதி டீயை அப்படியே வைத்துவிட்டாள். வழியில்லாத ஆவி உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் வெடிக்கும். அந்த பஸ்ஸில் இந்நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"கண்டக்டர்கிட்ட போனைக் குடு நைனா."

கண்டக்டர் முழுதாகக் கேட்கவில்லை. வெடிக்கும் என்ற ஒரு சொல்லே அந்த மனுஷனுக்குப் போதும். "இன்னாம்மா சொல்ற? யோவ் பெருசு, எறங்குய்யா மொதல்ல" என்று கத்துவது கேட்டது. கேனை அங்கேயே விட்டுவிட்டு ஆட்களை இறக்குங்கள் என்று இவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. விசில் சத்தம். போன் கட்டாகிவிட்டது.

அவள் ஆட்டோவில் ஏறி, தொண்டூர் ரோடு என்றாள். ஆட்டோக்காரர் ஜெயராமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாடகை பேசாமலே கிளப்பினார். மறுபடியும் போன் வந்தது.

"எறக்கி வுட்டுட்டு பூட்டானுங்க மதி. ஏரிக்கரைல ஒக்காந்துனு இருக்கேன். கேனு ஆடக்கூடாதுன்னு மடில வச்சினு இருக்கேன், நீ பயப்படாத."

மடியில்.

"கீழ வச்சிட்டுத் தூரமா போ நைனா. அது வெடிக்கும்."

"நீதான சொன்ன, ஒரு எட்டு கூட நகராதன்னு? நாய் வந்து உருட்டிச்சின்னா? வெடிக்கும்னா சொல்லு, கட்ட அறுத்துடறேன். கத்தி இருக்குது."

"அறுக்காத."

குளிர் ஏறிய ரப்பர் அப்பளம் போல நொறுங்கும். கத்தி பட்டதும் மூடி கிளம்பி, குனிந்திருக்கிற அவர் முகத்தில்தான் அடிக்கும். மோட்டார் பிரஷரையே வெறுங்கையால் அடக்கினவர் அவர். பயமுறுத்தி அவரை எழுப்ப முடியாது. அவள் பூ உள்ளே இருக்கிற வரைக்கும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

வெண்மதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நைனா, அதுல ஒண்ணும் இல்ல. பூவு நேத்தே செத்துப்போச்சி. நான்தான் லேட்டா போட்டுட்டேன். ஒன்னாண்ட சொல்ல வெக்கமா இருந்துது. அது வெறும் கேனு. வச்சிட்டு வா."



"நேத்தேவா?"

"ஆமா நைனா."

"ரெண்டு வருஷ ஒழப்புன்னியேம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. கேனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், மெதுவாக, மிக மெதுவாக. ஓடு நைனா, ஓடு என்று இவள் ஆட்டோவுக்குள் கத்தினாள். அவர் போனைக் காதில் வைத்திருந்தாரோ இல்லையோ.

டமார் என்றது. லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் திருப்பித் திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. ஜெயராமன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். ஏதாவது ஒரு சாமியைக் கூப்பிடலாமென்றால் ஒரு பெயரும் வாயில் வரவில்லை. முகத்தில் பட்டிருக்குமா, கண்ணில் பட்டிருக்குமா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. கேன் விலா வெடித்துக் கிடந்தது. அதைத் தாண்டி நைனா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். முழு ஆளாக இருந்தார். இரண்டு கண்ணும் இருந்தன. பத்து விரலும் இருந்தன. வெண்மதி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"வெடிச்ச சத்தத்துல போனு கைதவறி வுழுந்துடுச்சி" என்றார் அவர்.

அவர் துண்டில் மொட்டுகள் இருந்தன. துணிப்பைகள் கிழிந்து சிதறியவை. வெயிலில் உறைபனி விட்டு, ஒவ்வொன்றாக இளகிக்கொண்டிருந்தன. இனிமேல் அவற்றை அளப்பதற்கு ஒன்றுமில்லை. சீசன் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம்தான்.

ராஜாங்கம் ஒரு மொட்டை மூக்கருகே கொண்டுபோனார். மகளைப் பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"நேத்தே செத்த பூவு இப்டி மணக்குமா மதி?"

அவள் அவர் கையை இன்னும் விடவில்லை.