நாகப்பன் விலை சொல்லமாட்டார்

எங்கள் ஹவுஸ் ஓனர் நாகப்பனிடம் ஒரு பொருளுக்கு விலை கேட்டு வாங்குவதைவிட, கம்பெனி செக்யூரிட்டி கண்ணில் படாமல் போனை உள்ளே கொண்டுபோவது சுலபம். நான்கு நாள் கேட்டேன். நான்கு நாளும் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது ஒரே பதில்: "நீயே சொல்லும்மா."

கேட்டது வைரமாலை இல்லை. ஒரு பழைய கை மெஷின். வடக்குப்பட்டில் அவர் வீட்டு மாடியறையில் ஏழு பெண்கள் வாடகைக்கு இருக்கிறோம், ஏழு பேருக்கும் ஒரகடம் பக்கம்தான் வேலை. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் தண்ணீர் கேன். இரண்டு வருஷமாக அதில்தான் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறேன். போன வியாழக்கிழமை காலையில் கேன் மாற்றும்போது பெட்டியின் மூடி நகர்ந்தது. உள்ளே கறுப்பாக ஒரு தையல் மெஷின். உடம்பில் தங்கநிறப் பூ, பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. மூடியைப் போட்டுத் தூக்கினால் சூட்கேஸ் போல எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

எனக்குக் கை பரபரத்தது. காரணம் இருக்கிறது. என் கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. நீட்ட மாட்டார்கள், எங்கள் பேட்சில் யாருக்கும் நீட்டவில்லை. அது முடிந்ததும் எட்டயபுரம் பக்கம் சொந்த ஊருக்குப் பஸ் ஏறி, மறுபடி தீப்பெட்டி ஆபீசில் போய் உட்கார வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை. எனக்குத் தையல் தெரியும். வேலையில் போட்டுக்கொள்ளக் கம்பெனியில் கொடுக்கிற கோட்டோ இரண்டே சைஸ், இரண்டும் ஆம்பிளை சைஸ். கை தொளதொளவென்று தொங்கினால் லைனில் நிற்க விடமாட்டார்கள். மாதாமாதம் புது பேட்ச் வருகிறது. ஒரு மெஷின் இருந்தால் கோட்டை அளவுக்குப் பிடித்துக் கொடுத்தே இங்கே வாடகை கட்டிவிடலாம். ஆனால் ஏழு பேர் படுக்கிற அறையில் மேசை மெஷினை எங்கே போடுவது? கரண்ட் மெஷின் என்றால் நாகப்பனின் மனைவி கனகம்மா மீட்டரைக் காட்டிச் சண்டைக்கு வருவார். கை மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடும். என்னிடம் ஆறாயிரம் ரூபாய் இருந்தது.

நான் ஒரு அவசரக்குடுக்கை. விலை கேட்பதற்கு முன்னாலேயே, திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகிற பக்கத்து ஹாஸ்டல் பெண்களிடமிருந்து, கோட்டுக்கு எண்பது ரூபாய் என்று பேசி இருபத்துநான்கு கோட்டு வாங்கிவந்து கட்டிலில் குவித்துவிட்டேன். அறையில் கூட இருக்கும் அன்னக்கிளிக்குப் படுக்க இடமில்லை.

"ஏட்டி மாரிசெல்வி, மெஷினு எங்கட்டி?" என்றாள்.

"வருது" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கீழே போய் நாகப்பனிடம் கேட்டேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அந்த மெஷினை எனக்குத் தாரீங்களா? என்ன வெல சொல்லுதீங்க?"

"அதுவா? அது அப்டியே கீது. நீயே சொல்லும்மா."

"ரெண்டாயிரம்."

தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. விட்டத்தைப் பார்த்தார். "ரெண்டாயிரமா... இன்னும் யோசிச்சி சொல்லு" என்றார்.

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"பாத்து சொல்லும்மா. இன்னா அவசரம்?"

கனகம்மாவிடம் போனேன். "எனக்கு அந்தக் கருமம் வேணவே வேணாம் கண்ணு. கேன் வைக்க ஒரு ஸ்டூலு வாங்கிப்பேன். கல்யாணமான புதுசுல எனக்கோசரம்னு வாங்கியாந்தாரு, நான் ஊசிய தொட்டதில்ல. ஆனா அவரு காசு போட்டு வாங்குனது, அவருதான் சொல்லணும்" என்றார்.

மறுநாள் மூவாயிரம் என்று சொல்லலாம் என்று இறங்கினேன். கனகம்மா வாசலிலேயே மறித்தார். "இன்னிக்கு வெள்ளிக்கெழம. வூட்ல இருந்து சாமான் வெளிய போவக்கூடாது."

"வெளிய எங்கம்மா போவுது? பன்னெண்டு படி மேல ஏறுது. ஒங்க வீட்டுக்குள்ளதான இருக்கு?"

"விக்கிறது விக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டுக் கோலப்பொடி டப்பாவை மூடினார்.

அன்றைக்குத்தான் அந்தக் கிறுக்குத்தனத்தையும் செய்தேன். கம்பெனியில் எனக்கு ரீவொர்க் டேபிள். ஃபெயில் ஆன சர்க்யூட் போர்டு என்னிடம் வரும், கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்ப வேண்டும். இரண்டு வருஷமாக அதே வேலை. கோளாறான பொருளைப் பார்த்தால் கை தானாகப் போய்விடுகிறது. ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. சும்மா பார்ப்போம் என்று படியில் உட்கார்ந்து மெஷினைத் திறந்தேன். கைப்பிடி அசையவில்லை. அடியில் பழைய நூல் சுற்றிக்கொண்டு துரு ஏறியிருந்தது. ஊசியால் நோண்டி எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு, புது ஊசி மாட்டி, ஒரு கிழிசல் துணியை வைத்துச் சுற்றினேன். டக்டக்கென்று ஓடியது. தையல் ஒரு பொட்டுக்கூடப் பிசகவில்லை.

அப்போதுதான் புத்தி வந்தது. வாங்கப்போகிற பொருளை, விலை பேசுவதற்கு முன்னால், விற்கிறவருக்கு இலவசமாக ரிப்பேர் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒருத்தி இருக்கமாட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு நாகப்பனின் மகன் சிவசங்கர் வந்துவிட்டான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், போனை எடுக்காமல் எதையும் பார்க்கமாட்டான். "சூப்பரா ஓடுதே!" என்று வீடியோ எடுத்தான். சனிக்கிழமை காலையில் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"இத பாருக்கா. இதே மாதிரி மெஷினு. ஆன்லைன்ல ஒருத்தன் அறுவத்தஞ்சாயிரம் போட்டுக்கீறான்."

"போட்டிருக்கான். எவனாவது வாங்குனானா?"

"அது தெரில."

"அப்ப அவனையே வந்து தூக்கிட்டுப் போவச் சொல்லு."

அன்று ஷிப்டுக்குப் போகிற வழியில், ஒரகடம் கூட்டுரோட்டில் டெய்லர் கடை வைத்திருக்கிற டில்லிபாபுவிடம் கேட்டேன். "ஓடாத மெஷினுன்னா மூணாயிரத்துக்கு மேல குடுக்காத. ஓடுச்சின்னா நாலரை வரிக்கும் போலாம்" என்றார். யார் ஓட வைத்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. என் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய், அதை நானே கட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கனகம்மா பால் வாங்கக் கேட்டில் நின்றிருந்தார். பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அய்யா விக்கப் போறாரா இல்லையா? வாயைத் தொறந்து ஒரு வெல சொன்னா என்ன கொறஞ்சா போயிருவாரு?"

கனகம்மா உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரு எதுக்கும் வெல சொல்லமாட்டாரு கண்ணு. உங்க ரூம் வாடகயே நான் சொன்னதுதான். முப்பது வருசம் முன்ன எங்களுக்கு ரெண்டு ஏக்கரா நெலம் இருந்துச்சி. புரோக்கரு வந்து இன்னா வெலன்னு கேட்டான். இவரு பெரிசா கேக்குறோம்னு நெனச்சிக்கினு ஏக்கரா எழுவதாயிரம்னாரு. அவன் கொறைக்கவே இல்ல. கேட்ட ஒடனே சரின்னுட்டான். அப்பவே இவரு மூஞ்சி செத்துப்போச்சி. ஆறு மாசத்துல அதே நெலம் நாலு லட்சத்துக்குக் கைமாறிச்சி. இப்ப உங்க கம்பெனி பஸ்ஸு நிக்கிற யார்டு இல்ல, அதான். நெலம் போனதுகூட இல்ல. அவன் சரின்னான் பாரு, அதத்தான் இன்னும் சொல்லிக்கினு கீறாரு."

கேட்டதும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் கட்டிலில் இருபத்துநான்கு கோட்டு. விடிந்தால் திங்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு புரோக்கர் செய்ததற்கு நான் ஏன் அல்லாட வேண்டும் என்று எரிச்சலும் வந்தது.

அன்று எனக்கு இரண்டு மணி ஷிப்ட், ஓ.டி. டபுள் சம்பளம். ஒன்று பத்துக்குப் பஸ். பன்னிரண்டேமுக்காலுக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு இறங்கினேன். நாகப்பன் படித் திருப்பத்தில் நின்று மெஷினின் கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, நாலாயிரம். முடிவா சொல்லுங்க."

"நாலா..." என்று சுவரைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் யோசி."

எனக்குத் தாங்கவில்லை. "நான் யோசிச்சது போதும்யா. எனக்கு மெஷினே வேண்டாம். ஓட வச்சுக் குடுத்திருக்கேன், ஒங்க மகன் சொன்ன அறுவத்தஞ்சாயிரத்துக்கு வித்துக்கோங்க, இல்ல கேனையே தூக்கி வைங்க. நாலு நாளா அலையுதேன். மார்ச்சு முடிஞ்சா எனக்கு வேலை கெடையாது. ஒங்களுக்கு ஒரு வெல தப்பாப் போச்சு, ஒத்துக்கிடுதேன். அதுக்காவ ஒருத்தி பொழைக்க வழி கேட்டு வந்து நின்னா, வாயே தொறக்க மாட்டீங்களா? நான் என்ன புரோக்கரா?"

சொல்லியிருக்கக் கூடாது. வயதில் பெரியவர், அவர் வீட்டில் இருந்துகொண்டு அவரையே கேட்டுவிட்டேன். கனகம்மா சொன்னதைப் போட்டு உடைத்தது அதைவிடத் தப்பு. அவர் முகம் சிறுத்துப் போயிற்று. மன்னிப்புக் கேட்காமலே படி இறங்கினேன். மூன்று படிதான் இறங்கியிருப்பேன்.

"ஐயாயிரம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்த டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர் போல என் வாயையே பார்த்தார்.

"சரி" என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பையில் ஆறாயிரம் இருக்கிறது. ஓடுகிற மெஷின், ஐயாயிரம் ஒன்றும் கொள்ளை இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மெஷின் என்னுடையது, பஸ்ஸையும் பிடித்துவிடலாம். ஆனால் அவர் பார்வையைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. நான் சரி என்றால் இந்த மனுஷன் இன்னொரு முப்பது வருஷம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"ஐயாயிரமா? என்னய்யா இது, அநியாயமா இருக்கு! துருப்பிடிச்சுக் கெடந்த இரும்புக்கு ஐயாயிரமா?"

அவர் முகம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது. சாவகாசமாகப் படியில் உட்கார்ந்தார்.

"இரும்புதாம்மா. இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்கு. இத மாடியில இருந்து போட்டாலும் ஒடையாது."

"மூணாயிரத்து ஐநூறு."

"இப்பத்தானே நாலுன்ன?"

"அது ஐயாயிரம்னு கேக்கறதுக்கு முன்னால சொன்னது. ஓட வச்சது யாரு?"

"ரெண்டு சொட்டு எண்ண வுட்டதுக்கு இம்மாங் கொறைக்கணுமா? நாலாயிரத்து எட்நூறு."

"ஊசி என்னோடது. நாலாயிரம்."

"பொட்டியே தேக்கும்மா. தட்டிப் பாரு."

தட்டிப் பார்த்தேன். தேக்கு மாதிரித் தெரியவில்லை, மேலே கேன் வைத்த வட்டம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதையும் காட்டிக் குறைக்கச் சொன்னேன். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவருக்கும் கேட்டிருக்கும், ஆனால் அவர் விடுவதாக இல்லை. இன்னொரு தடவை அடித்தது. பிறகு பஸ் போகிற சத்தம் கேட்டது. என் டபுள் சம்பளம் வல்லக்கோட்டை ரோட்டில் திரும்பிப் போயிற்று.

நாலாயிரத்து அறுநூறுக்கு முடித்தோம். பணத்தை வாங்கி எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மெஷினை நான் தூக்கப் போக, "இரு, வெயிட்டு" என்று அவரே தூக்கிவந்து அறை வாசலில் வைத்தார்.

பேரம் பேசி நானூறு மிச்சம், பஸ்ஸை விட்டதில் அதைப்போல இரண்டு மடங்கு நஷ்டம். அன்னக்கிளியிடம் சொன்னால் சிரித்தே சாவாள், சொல்லவில்லை. கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து முதல் கோட்டின் கையைப் பிடிக்க ஆரம்பித்தேன். கீழே நாகப்பனின் குரல் கேட்டது, கைப்பிடியை நிறுத்தினேன்.

"ஐயாயிரம்னு சொன்னேன்டா" என்று சிவசங்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வுடுவாளா அவ? அரமணி நேரம் நின்னு இழுத்து இழுத்துக் கொறச்சா. லேசுப்பட்ட பொண்ணு இல்ல."

சாயங்காலத்துக்குள் அதை அவர் கனகம்மாவிடமும், தண்ணீர் கேன் போடவந்தவனிடமும், எதிர்வீட்டுக்காரரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஐயாயிரம் என்பதைச் சத்தமாகச் சொன்னார். நான் பதினோரு கோட்டு முடித்திருந்தேன்.