இடது இறக்கை

ஒரு கையில் திருநீற்றுத் தட்டோடு, மறுகையில் ஹைருல் கொடுத்த தாளை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள் துளசி. ப்ளாட்டுக்குக் கீழே போட்ட கூடாரத்தில், பக்கத்தில் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மார்புக்குக் கீழே எப்படி என்பதை ஆஸ்பத்திரிக்காரர்கள் வெள்ளைத் துணியால் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.

"காப்பி கெடச்சதுன்னு மட்டும் ஒரு சைன் போடுங்க சிஸ்டர். வேற ஒண்ணும் இல்ல," என்றான் ஹைருல்.

விமான நிலையத்தில் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அவன். சாவு வீட்டுக்கு மாலையோடு ஒரு ஃபைலையும் எடுத்து வந்திருந்தான். மாலை சின்னது, ஃபைல் பெரியது. துளசி அதையும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எட்டு வருடமாக விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து, பதில் பேச முடியாதவன் தலையில்தான் தப்பு போய் உட்காரும் என்பது அவளுக்கு அத்துப்படி. இன்றைக்கு அந்தத் தலை அப்பாவுடையதாகிவிட்டது.

தாளில் இருந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை மாலை ஆறரை மணி, மழை. பயணிகள் ஏறிய விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளினார்கள். தள்ளும் வண்டியை ஓட்டியவர் லோகேஸ்வரன். இறக்கை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வலப்பக்கம் அப்பா திருநாவுக்கரசு, இடப்பக்கம் தனேஷ். இரண்டு பக்கமும் அவர்கள் பிடிக்கும் ஒளிக்குச்சி உயர்ந்தே இருந்தது, அதாவது பாதை சரி. திருநாவுக்கரசு சைகை காட்டாமல் தன் இடத்தைவிட்டு விலகி, விமானத்துக்கு அடியில் குறுக்கே போனதால் சக்கரத்தில் சிக்கினார்.

லோகேஸ்வரன் வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி. அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். சம்பவம் நடந்து இரண்டு நாளாகியும் மாமா இன்னும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்பாவா சைகை காட்டாமல் போவார்? இந்தக் கெலுகோர் ப்ளாட்டில் அவள் தன் மைவி காரை நிறுத்தும்போதே இரண்டு கையையும் ஆட்டி ஊரைக் கூட்டுகிற மனிதர். கண்ணாடியில் நான் தெரியலன்னா பிரேக்க அமுக்கு, எங்க போனேன்னு அப்புறமா யோசி என்பார். ஒருநாள் அவள் நிறுத்தாமல் வந்ததற்குக் காரின் பின்பக்கத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மாடியில் துணி காயப்போட்ட சீனக் கிழவிகூடச் சிரித்தாள்.

துளசி தாளை நாலாம் முறை படித்தாள். இந்தத் தடவை கண் ஓர் இடத்தில் நின்றது.

"ஹைருல், எங்கப்பா ப்ளேனுக்கு அடியில இருந்தாருல்ல?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப ரைட் சைடுல குச்சியத் தூக்கிப் புடிச்சிருந்தது யாரு?"

ஹைருல் தாளை வாங்கிப் பார்த்தான். "டிரைவர் ஸ்டேட்மென்ட் அப்பிடித்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் லைட்ட பாத்தேங்கறாரு."

"லைட்ட பாத்தாரா, ஆள பாத்தாரா?"

அவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இவனுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் சைனுக்கு அலைகிறானோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துளசி நகர்ந்தாள்.

கூடார ஓரத்தில் தனேஷ் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். காலையிலிருந்து அடுக்கியதையே கலைத்துக் கலைத்து அடுக்குகிறான் என்று அவளுக்குப் பட்டது.

"தனேஷ் அண்ணே, அன்னிக்கி லெஃப்ட்ல நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அப்பா விழுந்தத நீங்க பாத்திருக்கணுமே."

தனேஷின் கை நின்றது. "நான் அங்க இல்லம்மா. காய்ச்சல். அஞ்சு மணிக்கே கிளினிக் போயி எம்சி லீவு எடுத்துட்டேன். லிஸ்ட்ல பேர மாத்தல."

"பின்ன லெஃப்ட்ல தெரிஞ்ச லைட்டு?"

"ஒங்க மாமாவ கேளும்மா. என்ன விட்டுடு லா."

மாமா அப்போதுதான் வந்தார். சவரம் செய்யாத முகம், கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை. அவர்கள் வழக்கத்தில், தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப்புடவையை உடன்பிறந்தவன்தான் போர்த்த வேண்டும். அது முடியாமல் பெட்டியை எடுக்க மாட்டார்கள். அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் மனிதர் வந்தே இருக்க மாட்டார் என்று துளசி நினைத்தாள்.

பெட்டியின் தலைமாட்டில் அம்மா சந்திரிகா உட்கார்ந்திருந்தாள். மாமா அவள் பக்கம் போவதற்குள் துளசி வழிமறித்துப் படிக்கட்டு ஓரமாக நிறுத்தினாள்.

"மாமா, அன்னிக்கி குச்சிய யாரு புடிச்சிருந்தது?"

மாமா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கோனு," என்றார்.

"என்னது?"

"ஆரஞ்சு கோன் இருக்குல்ல, தலையில ஓட்ட இருக்கும். அதுல குச்சிய சொருகிட்டா நேரா நிக்கும். வண்டியிலேருந்து பாத்தா ஆளு நிக்கற மாதிரியே தெரியும். ஆளு பத்தலன்னா அப்பிடித்தான் செய்வோம். ஆளக் கொறச்சதுலேருந்து ரெண்டு வருஷமா அதான்."

"யாரு கண்டுபுடிச்சது இத?"

மாமா பெட்டியைப் பார்த்தார். "அத்தான்தான்."

திருடனைப் பிடிக்கப் போனவள் சொந்த வீட்டுக் கதவில் முட்டிக்கொண்டாள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

"மழையில லெஃப்ட் கோன் சாஞ்சிருச்சி. லைட்டு படுத்தத பாத்து நான் நிறுத்திட்டேன். சத்தியமா நிறுத்துனேன் துளசி. கொஞ்ச நேரத்துல நிமிந்துச்சி. ரெண்டு பக்கமும் லைட்டு தெரிஞ்சிது, தள்ளிட்டேன். அவரு ரைட் சைடு குச்சிய இன்னொரு கோன்ல சொருகிட்டு, லெஃப்டுக்கு வந்து சாஞ்சத நிமித்தியிருக்காரு. திரும்பி ஓடும்போது..."

"படுத்த லைட்டு தானா எப்பிடி மாமா நிமிரும்? யாரு நிமித்துனான்னு நெனச்சீங்க?"

"நெனக்கலம்மா. ப்ளேனு ஏற்கெனவே லேட்டு. நெனக்கவே இல்ல."

"இத ஏன் சொல்லல?"

"சொன்னா கோன் வெச்சது அத்தான்னு எழுதுவானுங்க. இருவத்தாறு வருஷம் ஒரு மெமோகூட வாங்காதவரு. அவரு பேரு என்னாவும்?"

அப்பாவின் பேரைக் காப்பாற்றுகிறாரா, தன் லைசென்ஸைக் காப்பாற்றுகிறாரா? துளசி அவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ. அப்பாமேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மகள் காரை நிறுத்த அத்தனை கூத்துக் கட்டிய மனிதர், அங்கே ஒரு கோனை ஆளாக்கி நிறுத்திவிட்டு மழையில் ஓடியிருக்கிறார். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"லோகேஸ், கோடிய கொண்டாப்பா!" அப்பாவின் அக்கா நல்லம்மாள் குரல் கொடுத்தார். "மின்சுடலையில நேரம் குடுத்திருக்காங்க."

மாமா போய் அம்மா முன்னால் குனிந்து புடவையைப் பிரித்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டு அங்கிருந்து நாலு எட்டுத்தான்.

"அவகிட்ட சொன்னத ஃபைல் வெச்சிருக்கற அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிட்டு வா."

"அக்கா... அத்தான் பேரு..."

"அவரு பேர நான் பாத்துக்கறேன். கோன் வெச்சது அவருன்னு சொல்லு. ஆளப் பாக்காம தள்ளுனது நீன்னும் சொல்லு. ரெண்டையும் சொல்லிட்டு வந்து போத்து."

"சந்திரிகா, நேரமாவுது," என்றார் நல்லம்மாள்.

"ஆவட்டும் அண்ணி."

மாமா புடவையைத் துளசியிடம் கொடுத்துவிட்டுக் கூடாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். அவர் பேசியது இங்கே கேட்கவில்லை. ஹைருல் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தான். மாமா ஒரு கையைச் செங்குத்தாக உயர்த்தினார், மெல்லச் சாய்த்தார், பிறகு நிமிர்த்தினார். ஹைருல் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, முதல் தாளைக் கிழித்து மடித்து வைத்துவிட்டுப் புதுத் தாளில் தொடங்கினான்.

மாமா திரும்பி வந்ததும் துளசி புடவையை நீட்டினாள். அவர் வாங்கி ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனை வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது.

அம்மா உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்து, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி தோளைச் சாய்த்துக் கொடுத்தாள்.