சிவப்புச் சீட்டு கட்டிய தராசு

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் எடையிலிருந்து பிறந்தது. எங்கள் குளியலறைத் தராசு என்னை ஏழு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது என்று, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதன்மேல் எடைக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, முகம் மாறாமல் சொன்னாள்:

"தாத்தா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான்…"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. பழிவாங்க அவளைக் கதையில் போட்டுவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: இருள் கவிந்த அந்த அறையில், அவள் தன் பசியோடு தனித்து

(வேண்டாம். பட்டறையில் ஆறு குழல்விளக்கு எரிந்தது. பசியும் தனியாக இல்லை. பக்கத்தில் ஃபோர்மேன் மூன்றாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: பட்டறையில் அவளுக்கு 'மில்லிகிராம்' என்று பெயர். மடித்த கைக்குட்டையை உள்ளங்கையில் வாங்கினால், அதன் சொந்தக்காரருக்குச் சளி இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.*

பழுதான தராசு வந்தால் அதில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். கட்டியபின், சோதித்து அவிழ்க்கும்வரை ஒரு குண்டூசியைக்கூட அதில் நிறுக்கக் கூடாது. அது அங்கே சட்டம். பதினோரு வருடத்தில் மில்லிகிராம் ஒரு சீட்டைக்கூடத் தவறாகக் கட்டியதில்லை. நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

(* நம்பாதவர்கள் கைக்குட்டையோடு போய்ப் பார்க்கலாம். துவைத்து எடுத்துப் போகவும்.)

3.

மதியம் அவள் தன் ரொட்டியைச் சின்னத் தராசில் வைத்தாள். எண்பத்து மூன்று கிராம். ஓரத்தைப் பிய்த்து எண்பதாக்கினாள்.

"ஏம்மா, ரொட்டிக்குமா சர்டிஃபிகேட் குடுக்கறே?" என்றார் ஃபோர்மேன்.

"எனக்கு எண்பதுதான் சார்."

"யாரு சொன்னா?"

அவள் ரொட்டியைக் கடித்தாள். பதிலை நான் சொல்கிறேன். குழந்தை பிறந்த ஐந்தாம் மாதம் ஓர் உறவுக்காரி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே, "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்றாள். சொன்னவள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். சொல் மட்டும் ஆறு வருடமாகச் சமையலறையில் வாடகை தராமல் குடியிருக்கிறது.

(இப்படி ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிய்த்துப் போட்ட அந்தத் துண்டை அவள் பார்த்த பார்வையைப் பார்த்தேன். சந்தேகம் போய்விட்டது.)

4.

வீட்டில் வெண்ணெய் தடவிய வேகவைத்த உருளைக்கிழங்கு. எதிரே ஆறு வயது மகள். கணவனை நான் வெளியூர் அனுப்பிவிட்டேன். அவனையும் உட்காரவைத்தால் கிழங்கு பத்தாது.

மகள் ஒன்றைத் தின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு சமையல் மேடைமேல், அம்மா தினமும் தன் சாப்பாட்டை நிறுக்கும் தராசைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு இன்னும் பசிக்குதா?"

"என்னடி கேள்வி இது? உனக்குத்தானே தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? தராசுல பாத்துச் சொல்லு."

மில்லிகிராமின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. (நாற்பத்திரண்டு கிராம். அவளோடு பழகி எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

இந்த இடத்தில் ஓர் உருவகம் வந்து கதவைத் தட்டுகிறது: குழந்தையின் வயிற்றுக்குள்ளும் ஒரு தரா… திறக்க மாட்டேன். தனக்குப் பசிக்கிறதா என்று ஒரு குழந்தை அடுத்தவரைக் கேட்கிறது. அவள் கதிகலங்க அதுவே போதும்.

5.

மறுநாள் அந்தத் தராசைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு எடைக்கல்லாக வைத்துப் பார்த்தாள். கோளாறு இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட முதல் தராசு அது. ஒரு கிராம் பிசகவில்லை.

சிவப்புச் சீட்டை எடுத்தாள். கட்டினாள்.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். "முள்ளு நேரா நிக்குதே. என்ன கோளாறு?"

"சொல்லத் தெரியல சார். ஆனா எங்க வீட்ல தப்பாத்தான் காட்டுது."

அவர் முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நேற்று அவள் பிய்த்துப் போட்ட ரொட்டித் துண்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மா" என்றார்.

6.

சாயங்காலம் தராசு மேல்தட்டில் இருந்தது, சீட்டோடு.

"ரிப்பேரா?" என்றாள் மகள்.

"ஆமா."

"எப்ப சரியாகும்?"

"ஒண்ணும் அவசரமில்ல."

"அப்போ, போதும்னு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் மறந்து போச்சுடி. சாப்ட்டுப் பாப்போம், வா."

சாப்பிட்டார்கள். மூன்றாவது கிழங்கின் பாதியில் மகள் நிறுத்தினாள். உத்தரத்தைப் பார்த்து யோசித்தாள். "போதும்னு நெனைக்கிறேன். இரு, இரு… இல்ல, வெண்ணெய் இருக்கற பக்கம் மட்டும்."

இருவரும் சிரித்ததில் வாயிலிருந்த கிழங்கு மேசைக்கு வந்தது. எத்தனை கிராம் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பாத்திரத்தில் ஒரே ஒரு கிழங்கு மீதி.

7.

முடிவு ஒன்று: அவள் தராசை ஆற்றில் வீசுகிறாள். இதைப் படித்த என் மனைவி, "நல்ல தராசை யாராவது வீசுவாங்களா? உங்க ஏழு கிலோவை வேணும்னா வீசுங்க" என்றாள். அந்த முடிவைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அந்த உறவுக்காரி மறுபடி வந்து, வாயைத் திறந்து

(திறந்த வாயில் ஒரு கிழங்கை வைத்து அடைத்துவிட்டேன். எழுத்தாளனுக்கு இந்தச் சுகம்கூட இல்லையென்றால் எப்படி?)

முடிவு மூன்று: மகள் கேட்கிறாள், "அம்மா, உனக்கு இன்னும் பசிக்குதா?"

மில்லிகிராமின் கண் பழக்கத்தில் மேல்தட்டுக்குப் போகிறது. சிவப்புச் சீட்டு. சட்டம் சட்டம்தான். கண் இறங்கி வருகிறது. கை மெல்ல வயிற்றுக்குப் போகிறது. கடைசிக் கிழங்கில் இன்னும் ஆவி பறக்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள்.

பதிலை நான் எழுதப் போவதில்லை. அடுப்படியிலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிட்டது, சூடு ஆறுகிறதாம். அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள். ஆனால் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து சொல்லாதீர்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவள் காத்திருப்பாள். கிழங்குதான் காத்திருக்காது.